ஓடும் சங்கிலிக்கு என்ன நிறம்?

பிளாஸ்டிக் டாங்கி மாதிரிகளை வரிசையாக வைத்திருக்கும் எந்த மேசையிலும் இப்படி ஒரு வண்டியாவது நிற்கும். உடலில் அழகான பச்சை, கோபுரத்தில் கோணாமல் ஒட்டிய எண், பீரங்கிக் குழாயில் சின்னப் பிசிறுகூட இல்லை. சங்கிலி மட்டும் முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணி வரை ஒரே ஆரஞ்சுத் துரு. செய்தவர் உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. சங்கிலி இரும்பு, இரும்பு துருப்பிடிக்கும், ஆகவே துரு வண்ணம் அடித்தால் சரி என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இரும்பின்மேல் துரு தங்க நேரம் கிடைப்பதில்லை.

ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். மேல்முகம் தீட்டிய கத்திபோல் பளபளக்கும். பக்கவாட்டுப் பகுதி கரும்பழுப்பாக இருக்கும். இரண்டும் ஒரே எஃகு, இரண்டின்மேலும் பெய்தது ஒரே மழை. வண்டி வராத கிளைப் பாதையில் மேல்முகமும் காவி ஏறிக் கிடக்கும். சக்கரம் தொடும் இடத்தில் உலோகம் தெரிகிறது, தொடாத இடத்தில் துரு குடியிருக்கிறது. டாங்கிச் சங்கிலிக்கும் இதுதான் விதி. ஆகவே, சங்கிலியில் எந்த இடத்தில் எது உரசுகிறது, எந்த இடத்தில் எது தங்குகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. பிரஷ்ஷைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகு.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சோவியத் நாட்டின் டி-34. காலம் இரண்டாம் உலகப் போர் நடந்த 1943 ஜூலை, இடம் குர்ஸ்க். எடை ஏறத்தாழ 31 டன். அரை மீட்டர் அகலச் சங்கிலி பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 72 கண்ணிகள். ஒரு கண்ணியில் நடுவே கொம்புபோல ஒரு பல் நிமிர்ந்து நிற்கும், அடுத்த கண்ணி தட்டையாக இருக்கும், மறுபடி பல், மறுபடி தட்டை. இந்த வண்டியை 1/35 அளவுக்குச் சுருக்கினால் சங்கிலியின் அகலம் 14 மில்லிமீட்டர் சொச்சம், ஒரு கண்ணியின் நீளம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரல் நகத்தைவிடச் சிறிய அந்தத் தகட்டில்தான் நாம் பேசப்போகும் உலோகவியல், வேதியியல், ஒளியியல் எல்லாமே நடந்தாக வேண்டும்.

1/35 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் கிட்டாக வெளியிட்டது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று வண்டியின் அளவைத் தீர்மானித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது 1/35 ஆக இருந்தது. மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின.

இனி டி-34 ஓடும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும், தரையில் படிந்திருக்கும் கண்ணி தரையைப் பொறுத்தவரை அசைவதே இல்லை. சக்கரங்கள்தான் அதன்மேல் உருண்டு போகின்றன. மேலே திரும்பி வரும் கண்ணியோ 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறது. எனவே நேராக ஓடும் டாங்கியின் சங்கிலி தரையோடு அதிகம் உரசுவதில்லை. உரசல் எல்லாம் திருப்பத்தில்தான். காரைப்போல முன்சக்கரத்தை ஒடித்துத் திரும்ப டாங்கியால் முடியாது. ஒரு பக்கச் சங்கிலியைத் தடுத்து, மறுபக்கத்தை ஓடவிட வேண்டும். அப்போது மூன்றரை மீட்டருக்கும் மேல் நீளமாகத் தரையில் பதிந்திருக்கும் சங்கிலி 31 டன் பாரத்தோடு மண்ணைப் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டு நகர்கிறது. மண்ணில் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அது 7, சாதாரண எஃகு அதற்குக் கீழே. வண்டி நாலு தடவை திரும்பினால் போதும், கண்ணியின் வெளிமுகத்தில் மேடாக இருக்கும் வரிகளில் துரு சுரண்டப்பட்டு உலோகம் வெளியே வந்துவிடும். வரிகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் மண் அப்பிக்கொள்ளும். பள்ளத்துக்கு உரசல் இல்லை.

உள்முகத்தின் கதை வேறு. டி-34 சக்கரங்கள் இரட்டைச் சக்கரங்கள். கண்ணியின் கொம்பு அவற்றுக்கு நடுவே புகுந்து போகும். கொம்பின் இரண்டு பக்கங்களும் சக்கரத்தோடு உரசிப் பளபளக்கும். பின்னால் இருக்கும் இயக்குச் சக்கரத்தில் உருளைகள் உண்டு, அவை கொம்பைப் பிடித்துத்தான் சங்கிலியை இழுக்கின்றன. ஆக அந்த முகமும் தேயும். ஆனால் கொம்புக்கு இருபுறமும் சக்கரம் உருளும் பட்டைகளைத் தீட்டும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சக்கரத்தில் ரப்பர் டயர் இருந்தால் அந்தப் பட்டை வெள்ளியாக மின்னாது. ரப்பர் துடைத்துத் துடைத்துக் கருமையான ஒரு மினுமினுப்பு வரும், அவ்வளவுதான். ரப்பர் பஞ்சத்தால் 1942 வாக்கில் ஸ்டாலின்கிராட் போன்ற தொழிற்சாலைகள் இரும்பு விளிம்புச் சக்கரங்களைப் பொருத்தின. அந்த வண்டிகளில் எஃகின்மேல் எஃகு உருளும், பட்டை வெளிறிய சாம்பல் நிறத்தில் பிரகாசிக்கும். எந்தத் தொழிற்சாலை வண்டி என்று தெரியாமல் உள்முகத்துக்கு வண்ணம் முடிவு செய்ய முடியாது.

டி-34 பற்றி இன்னொரு செய்தி எனக்கு மிகப் பிடித்தது. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளின் தலை வண்டியின் உட்புறம் பார்த்து இருக்கும். அவை கழன்று வராமல் பிடிக்கத் தனியாகப் பூட்டு எதுவும் கிடையாது. ஊசி ஓட ஓட உட்புறமாக நழுவி வரும். பின்பக்கம், இயக்குச் சக்கரத்துக்கு அருகே, வண்டி உடலில் சரிவான ஒரு தகட்டைப் பற்றவைத்திருக்கிறார்கள். நழுவிய ஊசி அந்தத் தகட்டில் இடித்து மறுபடி உள்ளே போய்விடும். எளிமையான, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அப்படியானால் ஊசித் தலைகளும் அந்தத் தகட்டின் முகமும் அடிபட்டு மின்ன வேண்டும் அல்லவா? மாதிரியில் அந்தத் தலைகளைக் கூர்ப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டால் அந்தப் பொறியியல் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

அந்த எஃகும் சாதாரண எஃகு கிடையாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற இளைஞர் எஃகில் 12, 13 சதவீதம் மாங்கனீசு கலந்து பார்த்தார். கிடைத்தது விநோதமான உலோகம். காந்தம் அதைப் பிடிக்கவில்லை. அடிக்க அடிக்க மேல்தோல் இறுகிக்கொண்டே போனது. பிரினெல் அளவில் 200 சொச்சமாகத் தொடங்கும் அதன் கடினம், அடிபட்ட பிறகு மேற்பரப்பில் 500-ஐத் தாண்டும். உள்ளே இளக்கமாகவே இருப்பதால் சட்டென்று உடையாது. டி-34 கண்ணிகளை இந்த மாங்கனீசு எஃகில்தான் வார்த்தார்கள். ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங்குகளில் இன்றும் பொருத்துவது இதே எஃகு. அங்கும் ஒவ்வொரு சக்கரமும் அடித்துவிட்டுத்தான் போகிறது.

இதில் குரோமியம் இல்லை. ஆகவே துருப்பிடிக்காத எஃகின் கண்ணாடிப் பளபளப்பு இதற்கு வராது. தேய்ந்த இடம் மங்கலான, சற்றே கருமை கலந்த சாம்பல் வெள்ளியாக இருக்கும். கடையில் விற்கும் ‘குரோம் சில்வர்’ வண்ணத்தைச் சங்கிலியில் பூசினால் பொம்மைபோலத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் துகளின் பருமன். அதைப் பிறகு சொல்கிறேன்.

துருவுக்கு வருவோம். துரு என்று ஒரே பொருள் கிடையாது. ஈரமும் காற்றும் பட்ட எஃகில் முதலில் பெரும்பாலும் லெபிடோகுரோசைட் என்ற ஆரஞ்சு நிறத் தாது உண்டாகிறது. இரவெல்லாம் மழையில் நின்ற வண்டியில் காலையில் தெரியும் பளிச்சென்ற ஆரஞ்சுப் பூச்சு இதுதான். வண்டி நகர்ந்ததும் உரசும் இடங்களிலிருந்து போய்விடும். உரசாத இடங்களில் நாளாக நாளாக அது கோதைட்டாக மாறும், நிறம் மஞ்சள் பழுப்பாகி இருண்டுகொண்டே போகும். துருவின் அடியில் காற்று எட்டாத பகுதியில் மாக்னடைட் உருவாகும், அது கறுப்பு. ஆகவே பழைய துரு கரும்பழுப்பு, புதுத் துரு ஆரஞ்சு. நாள்தோறும் ஓடும் சங்கிலியின் அடிநிறம் கரும்பழுப்புதான். ஆரஞ்சு வேண்டுமானால் ஓரங்களில், ஊசி மூட்டுகளின் இடுக்கில், தொட்டும் தொடாமலும் இருக்கலாம். முழுச் சங்கிலியும் ஆரஞ்சாக இருந்தால் அந்த வண்டி அடிபட்டுக் கைவிடப்பட்டது என்று அர்த்தம். அப்படியொரு காட்சியைச் செய்வதானால் அது மிகச் சரியான நிறம்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வியப்பூட்டும் ஒன்று உண்டு. துருவை வரைய நாம் வாங்கும் வண்ணங்கள் பெரும்பாலும் துருவேதான். மஞ்சள் ஓக்கர் என்பது களிமண்ணில் கலந்த கோதைட். அதைச் சுட்டால் தாதுவுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறிச் சிவப்பு ஹேமடைட் ஆகிவிடும். சியன்னா மண்ணைச் சுட்டுத்தான் ‘பர்ன்ட் சியன்னா’ கிடைக்கிறது. நம் ஊர்க் காவிக்கல்லும் ஹேமடைட்தான். சங்கிலிப் பள்ளங்களில் ஓடவிட எல்லோரும் விரும்பும் ‘பர்ன்ட் அம்பர்’ வண்ணத்தில் இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசு ஆக்சைடும் இருக்கிறது, அதன் கருமைக்கு அதுவே காரணம். எண்ணெய் வண்ணங்களில் அம்பர் சீக்கிரம் காய்வதும் மாங்கனீசால்தான். ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவதை அது விரைவுபடுத்துகிறது. ஹாட்ஃபீல்டு எஃகில் இருக்கும் அதே மாங்கனீசு.

சங்கிலியின் நிறத்தில் பாதிக்கு மேல் மண்ணுடையது. டி-34 குர்ஸ்க்கில் ஓடியது செர்னோசெம் என்ற கரிசல் மண்ணில். மட்கிய புல்வேரின் சத்து ஏறிய மண். ஈரமாக இருந்தால் ஏறக்குறைய கறுப்பு, காய்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பு. அதே டாங்கியைத் துனிசியாவின் வெளிறிய புழுதியில் நிறுத்தினால் சங்கிலி வேறு நிறம் பெற்றாக வேண்டும். வண்டியின் படத்தைத் தேடுகிறவர்கள் மண்ணின் படத்தைத் தேடுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். படைப்பிரிவின் எண்ணை ஆராய்ந்து ஒட்டிவிட்டு, மண்ணுக்குக் கைக்கு வந்த பழுப்பைப் பூசினால் அந்த ஆராய்ச்சி வீண்.

மண்ணைப் பற்றி நினைக்கும்போதே அளவு பற்றியும் நினைக்க வேண்டும். வாசலில் இருக்கும் மணலை அள்ளிப் பசையில் கலந்து சங்கிலியில் பூசுகிறவர்கள் உண்டு. அரை மில்லிமீட்டர் மணல் பருக்கை 1/35 உலகில் 17 மில்லிமீட்டர் ஜல்லி. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைச் சுருக்கிக் காட்ட வேறு எந்தத் தூளாலும் முடியாது, சுருக்கவும் தேவையில்லை, அந்த அளவில் கண்ணுக்குத் தெரிவது நிறம் மட்டுமே. அதனால்தான் பிக்மென்ட் என்று விற்கும் மிக மெல்லிய வண்ணத்தூள் இந்த வேலைக்கு ஏற்றது. அது சில மைக்ரான் அளவுத் துகள். மூக்கில் முகமூடி இல்லாமல் அதைத் தொட வேண்டாம், அந்த நுண்மை நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஈரமண் ஏன் கருத்துத் தெரிகிறது? தண்ணீருக்கு நிறமில்லை, மண்ணின் நிறமும் மாறிவிடவில்லை. காய்ந்த மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1, மண் துகளுடையது சுமார் 1.5. வேறுபாடு பெரிது, ஆகவே ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டு நாலாபுறமும் சிதறி, அதில் நல்ல பங்கு நம் கண்ணுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. இடைவெளியைத் தண்ணீர் நிரப்பினால் எண் 1.33. வேறுபாடு குறைந்ததும் ஒளி திரும்பாமல் முன்னோக்கியே ஆழமாகப் போகிறது, போகும் வழியில் உறிஞ்சப்படுகிறது. வெளியேற முயலும் ஒளியையும் மேலே படர்ந்த நீர்ப் படலம் உட்பக்கமாகவே திருப்பி அனுப்புகிறது. இந்தக் கடைசி விளக்கத்தை 1925-இல் தந்தவர் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம். ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் தந்தவரின் பேரன்.

இந்தப் பாடம் வண்ணமேசையில் நேரடியாகப் பயன்படுகிறது. பிக்மென்ட் தூளைக் கண்ணியில் தூவி, தின்னர் ஒரு சொட்டு விட்டால் உடனே கறுத்துவிடும். அவசரப்பட்டு ‘நிறம் அதிகமாகிவிட்டது’ என்று துடைக்காதீர்கள். தின்னர் ஆவியாகி இடைவெளியில் மறுபடி காற்று புகுந்ததும் பழைய வெளிறிய நிறம் திரும்பும். தின்னருக்குப் பதில் அக்ரிலிக் பிசினை விட்டால் திரும்பாது. பிசின் ஆவியாவதில்லை, துகளுக்கு நடுவே இறுகி நின்றுவிடும், அதன் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது. அதாவது பிசின் பட்ட மண் என்றென்றும் ஈரமண். காய்ந்த சேறு வேண்டும் என்றால் தின்னர், ஈரச்சேறு வேண்டும் என்றால் பிசின் அல்லது பளபளப்பு வார்னிஷ். ஒரே தூள், ஒரே கண்ணி, இரண்டு பருவங்கள். 1943 ஜூலையில் குர்ஸ்க்கில் இடையிடையே நல்ல மழையும் பெய்தது. ஆகவே பள்ளத்தின் அடியில் ஈரக் கறுப்பு, மேலே காய்ந்த சாம்பல் பழுப்பு என்று இரண்டையும் ஒரே சங்கிலியில் காட்ட முழு நியாயம் உண்டு.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். அடிநிறம் கரும்பழுப்பு. சுத்தக் கறுப்பு வேண்டாம், அதன்மேல் எந்த நிழலும் தெரியாது. அது நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் தண்ணீராகக் கரைத்த வாஷ். கண்ணியின் ஓர் ஓரத்தில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், நுண்புழை விசை அதைத் தானாகவே இடுக்குகளுக்கு இழுத்துச் செல்லும். பரப்பு இழுவிசை குறைந்த தின்னருக்கு இது எளிது, தண்ணீர் அந்த அளவுக்கு ஓடாது. வாஷ் காயும்போது சில இடங்களில் விளிம்பு மட்டும் கருத்து வளையம் கட்டும். சிந்திய காபி வளையமாகக் காய்வதும் இதே காரணத்தால்தான். சொட்டின் ஓரம் வேகமாக ஆவியாகிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் அள்ளிக்கொண்டு போய் அங்கே குவிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் குழுவினரும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். மாற்று வழி எளிது. முதலில் கண்ணி முழுவதையும் வெறும் தின்னரால் நனைத்துவிட்டுப் பிறகு வாஷ் விட்டால் சொட்டுக்கு ஓரம் என்று ஒன்று அமையாது, வளையமும் கட்டாது.

அதன்பின் பிக்மென்ட். கடைசியாகத்தான் உலோகப் பளபளப்பு. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் செய்வது டிரை பிரஷ். வெள்ளி வண்ணத்தைப் பிரஷ்ஷில் எடுத்து, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, சங்கிலியின்மேல் லேசாக இழுப்பது. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்களின் மாதிரிகளால் ஒரு தலைமுறையே இந்த முறையைக் கற்றுக்கொண்டது. எனக்கு இதில் ஒரு கருத்து வேறுபாடு. டிரை பிரஷ் மேடான எல்லா இடத்தையும் தொடும். மேடானதெல்லாம் உரசியது என்று ஆகாது. கண்ணியின் வெளிப்பக்க ஓரத்தை எந்தச் சக்கரமும் தொடுவதில்லை, ஆனால் பிரஷ் தொட்டுவிடும். எதை மினுக்க வேண்டும் என்று பிரஷ் தீர்மானிக்கக் கூடாது, நாம் தீர்மானிக்க வேண்டும்.

அதற்குப் பென்சிலைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. 4பி பென்சிலின் முனையைக் காகிதத்தில் சாய்வாகத் தேய்த்துத் தட்டையாக்கி, கொம்பின் பக்கவாட்டில் ஒரே திசையில் நான்கைந்து முறை இழுங்கள். கரும்பழுப்பின்மேல் குளிர்ந்த சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை உண்டாகும். வண்டியைக் கொஞ்சம் திருப்பினால் அது மின்னி மறையும். வண்ணம் பூசிய வெள்ளி இப்படி மின்னி மறையாது. கிராஃபைட் என்பது அறுகோண வலைகளாகக் கார்பன் அணுக்கள் அடுக்கிய தாள் கட்டு. தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர், பிணைப்பு மிகப் பலவீனம். அழுத்தித் தேய்த்தால் தாள்கள் நழுவி, பரப்போடு பரப்பாகப் படுத்துக்கொள்கின்றன. தாளுக்குள்ளே எலக்ட்ரான்கள் உலோகத்தில் போலவே சுதந்திரமாக உலவுவதால் ஒளியைத் திருப்பி அனுப்பும் குணமும் உலோகத்தை ஒத்தது. பூசும் வெள்ளி வண்ணத்திலோ அலுமினியச் செதில்கள் இருக்கின்றன. செதில் ஒன்று 30 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 35 மடங்காக்கினால் அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். உண்மை டாங்கியின்மேல் ஒரு மில்லிமீட்டர் ஜிகினா தூவியதற்குச் சமம். முன்னே சொன்ன இரண்டாவது காரணம் இதுதான். கிராஃபைட் போட்டபின் மேட் வார்னிஷ் அடிக்கக் கூடாது. அதில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா, ஒளியைச் சிதறடித்து மினுமினுப்பு முழுவதையும் அழித்துவிடும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். பழைய கிட்டுகளில் சங்கிலி வளையும் வினைல் பட்டையாக வரும். பி.வி.சி.யை வளைய வைப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர். அது வருடக்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். சங்கிலி தொடும் இடத்தில் பாலிஸ்டைரீன் சக்கரத்தை இளக்கித் தின்றுவிடும், மேலே பூசிய எனாமலும் பிசுபிசுத்தே கிடக்கும். சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் வண்ணப் படலம் தடுப்பாக இருப்பது நல்லது, வினைலுக்கு அக்ரிலிக் பொருந்தும். துண்டு துண்டாக ஒட்டும் பாலிஸ்டைரீன் கண்ணிகளுக்கு வேறு ஆபத்து. வளைத்து இழுத்து ஒட்டியதால் உள்ளே இறுக்கம் இருக்கும். அதன்மேல் தின்னரைத் தாராளமாக ஊற்றினால் பிளாஸ்டிக் அந்த இறுக்கத்தில் விரிசல் விட்டுப் பட்டென்று பிரியும். வாஷைக் குளம் கட்ட விடாதீர்கள், அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எல்லா டாங்கிக்கும் எஃகுச் சங்கிலி என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் பல சங்கிலிகள் ரப்பர் கட்டைகளால் ஆனவை. கட்டைகளை இணைக்கும் இரும்பு இணைப்பிகள் இரு ஓரத்திலும் இருக்கும், இயக்குச் சக்கரத்தின் பற்கள் பிடிப்பது அவற்றைத்தான். ஆகவே பளபளப்பு அந்த இணைப்பிகளில், அதுவும் பல் படும் வளைவில் மட்டும். ரப்பர் கட்டைக்குத் துருவும் கிடையாது, வெள்ளி மினுக்கும் கிடையாது. புழுதி படிந்த கருஞ்சாம்பல், ஓரங்களில் பிய்ந்த வடு, அவ்வளவே. ரப்பரில் துரு பூசிய ஷெர்மன்களைப் பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது.

அந்த ரப்பருக்கும் நம் மக்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. போருக்கு முன் உலகத்துக்கு ரப்பர் கொடுத்தவற்றில் முதன்மையானவை மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும். மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தொழிலாளர்களில் மிகப் பெரும் பங்கினர் தமிழர். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றுபோனது. ஷெர்மன்களுக்கு முழு எஃகுச் சங்கிலிகளையும் தயாரித்துப் பொருத்தியதற்கு இந்தத் தட்டுப்பாடு முக்கியக் காரணம். நேச நாடுகளுக்குக் கையில் மிஞ்சிய பெரிய ரப்பர் ஊற்று இலங்கை, அங்கும் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டினார்கள். 1944-ஐச் சேர்ந்த ஒரு ஷெர்மனில் ரப்பர்ச் சங்கிலியா, எஃகுச் சங்கிலியா என்று நாம் பெட்டியைத் திறந்து தேர்ந்தெடுக்கும்போது, அந்தத் தேர்வின் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

பார்த்துக் கற்க எங்கே போவது? ஊர்ச் சந்திப்புகளில் போர் நினைவாக நிறுத்தியிருக்கும் டாங்கிகளைச் சங்கிலிக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அவை வருடக்கணக்காக நகரவில்லை, பலவற்றின் சங்கிலியின்மேல் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். ஆரஞ்சுச் சங்கிலி என்ற தவறான எண்ணம் அவற்றைப் பார்த்துத்தான் பரவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எவ்வளவோ மேல். நிறம் தெரியாவிட்டாலும் எது மின்னுகிறது, எது மின்னவில்லை என்பது அவற்றில் துல்லியமாகத் தெரியும்.

அதைவிட மேலான பள்ளிக்கூடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஏரி தூர்வாரும் இடத்துக்கோ கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டும் இடத்துக்கோ போய், செயின் வைத்த பொக்லைன் வேலை செய்வதைப் பாருங்கள். ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு, வண்டி ஓய்ந்து நிற்கும்போது கிட்டே போங்கள். கண்ணியின் உள்முகம், வெளிமுகம், பள்ளம், ஊசித்தலை என்று தனித்தனியே படம் எடுங்கள். மழை பெய்த மறுநாள் காலை, வண்டியை இயக்குவதற்கு முன் ஒரு படம், மாலையில் வேலை முடிந்ததும் அதே இடத்தில் இன்னொரு படம். அந்த இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கிட்டின் சங்கிலிக்கு வண்ணம் கலக்கத் தொடங்குங்கள்.